ஆளில்லாத மலையில் உதவிக்கு எந்தக் கருவி?

செல்போன் கோபுரமே இல்லாத மலைகளுக்கும் பாலைவனங்களுக்கும் நடந்து போகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள இரண்டு வகைக் கருவிகள் உண்டு. ஒன்று பி.எல்.பி. எனப்படும் அவசரகால பீக்கன். மற்றது கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் மெசஞ்சர். மெசஞ்சரில் வீட்டுக்குச் செய்தி அனுப்பலாம், வானிலையும் கேட்கலாம். ஆசை அதன்மேல்தான் போகும். ஆனாலும் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் பி.எல்.பி.யை வாங்குங்கள் என்றே சொல்வேன். கால் ஒடிந்து, விரல்கள் விறைத்துக் கிடப்பவருக்கு சார்ஜ் இறங்கிப்போன கருவியாலோ, சந்தா கட்டத் தவறிய கருவியாலோ பயனில்லை. பி.எல்.பி.க்குச் சந்தாவும் இல்லை, சார்ஜரும் இல்லை. அதன் லித்தியம் பேட்டரி ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஆன்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்தினால், மைனஸ் 20 டிகிரிக் குளிரிலும் 24 மணி நேரம், சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வலுவோடு குரல் கொடுக்கும். அதைக் கேட்பது கோஸ்பாஸ்-சார்சாட். பனிப்போர்க் காலத்திலேயே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடா, பிரான்ஸுடன் கைகோத்து உருவாக்கிய அமைப்பு அது. 1982-இல் கனடாவில் விழுந்த சிறு விமானத்தில் இருந்தவர்களைக் காப்பாற்றித் தன் பணியைத் தொடங்கியது. பீக்கன் 121.5 மெகாஹெர்ட்ஸிலும் மெலிதாக ஒலிபரப்பும். பக்கத்தில் வந்துவிட்ட ஹெலிகாப்டர் அதைப் பிடித்துக்கொண்டு ஆளிடம் வந்து சேரும்.

மாரடைப்பா, கணுக்கால் சுளுக்கா என்று பி.எல்.பி.யால் சொல்ல முடியாதே என்பார்கள். நியாயமான கேள்வி. மருத்துவரை அனுப்புவதா, கயிறு கட்டி இறங்குபவரை அனுப்புவதா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. இந்தக் குறையைப் பாதியாவது தீர்ப்பது பதிவு. ஆஸ்திரேலியாவில் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் பீக்கனை இலவசமாகப் பதியலாம். எந்த வழியாகப் போகிறோம், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதி வைக்கலாம். சமிக்ஞை வந்ததும் மீட்பு மையம் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போன் செய்யும். பதியாத பீக்கனை வைத்து, யாரோ ஆபத்தில் இருக்கிறார் என்று மட்டுமே ஊகிக்க முடியும். போனிலேயே சாட்டிலைட் வசதி வந்துவிட்டதே என்றால், அது எல்லா நாட்டிலும் இல்லை. படம் எடுத்தே பாதி தீர்ந்த பேட்டரியை உயிருக்கு நம்பவும் முடியாது.

இமயமலைக்குப் போகிறவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் அனுமதியின்றி சாட்டிலைட் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். இன்ரீச்சோடு வந்த வெளிநாட்டவர்கள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். எந்தக் கருவியானாலும் கிளம்பும் முன்பே அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள். பழைய பீக்கனை வாங்குவதென்றால் பேட்டரியின் காலாவதித் தேதியைப் பார்த்து, பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 121.5-இல் மட்டும் இயங்குவதை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2009 பிப்ரவரி 1 முதல் எந்தச் செயற்கைக்கோளும் அதைக் கேட்பதில்லை.