மணி எண்ணிச் சாகும் தட்டு!

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கப்பிள்ளையை மாற்றலாமா?

விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கத்தில் இருக்கிறது அச்சங்குளம். பட்டாசுக்குப் பேர் போன வட்டாரம்.

மருந்து கலக்கிறவர்களுக்கு ஒரு உண்மை தெரியும். அவசரப்பட்டாலும் ஆபத்து. அசட்டையாக இருந்தாலும் ஆபத்து. 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் பலர் உயிர் இழந்தார்கள். அந்தத் துயரத்தை இந்த ஊர் மறக்கவில்லை.

உயிருக்கு இணையாக எதையும் சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பாடம் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

பட்டாசுப் பெட்டியில் ஒட்டும் வண்ணப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் அச்சாகின்றன. அந்தப் படங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கூலிக் கணக்கும் அதில்தான். மகள் கல்யாணப் போட்டோவும் அதில்தான்.

இத்தனையும் தங்கி இருக்கும் இடம், உள்ளங்கை அளவு தட்டு. அதன் பெயர் எஸ்.எஸ்.டி.

கிட்டங்கியும் கணக்கப்பிள்ளையும்

பழைய காலத்துத் தட்டு சுழலும். எஸ்.எஸ்.டி. சுழலாது. அதில் இருப்பவை சில்லுகள். அதனால்தான் வேகம் அதிகம்.

அதை ஒரு கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கப்பிள்ளையின் பெயர் ‘பர்ம்வேர்’. தட்டை நடத்தும் உள் கட்டளை அது.

கணக்கப்பிள்ளைக்குப் புத்தி தடுமாறினால் என்ன ஆகும்? மூட்டைகள் உள்ளேயே இருக்கும். எடுக்கத்தான் ஆள் இருக்காது!

தேதி குறித்த சாவு

2019 நவம்பரில், அமெரிக்காவின் எச்.பி.இ. கம்பெனி ஒரு எச்சரிக்கை விட்டது. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் இருந்த சில எஸ்.எஸ்.டி.களைப் பற்றிய எச்சரிக்கை அது.

“32,768 மணி நேரம் ஓடியதும் இந்தத் தட்டுகள் நின்றுவிடும். தட்டையும் மீட்க முடியாது, உள்ளே இருப்பதையும் மீட்க முடியாது” என்பது அதன் சாரம்.

அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம்!

அது என்ன கணக்கு? 2-ஐ 15 முறை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 32,768 வரும். கம்ப்யூட்டர் எண்களை எழுதும் கட்டம் நிரம்பி வழியும் இடம் இது.

இன்னொரு கொடுமை. ஒரே நாளில் வேலைக்கு வைத்த தட்டுகள், ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும். ஒன்றில் அசலும், அதன் ஜோடியில் நகலும் வைத்திருந்தால் இரண்டும் போச்சு!

இதற்கு ஒரே மருந்து, அந்த நேரம் வருமுன் பர்ம்வேரை மாற்றுவதுதான். மாற்றியவர்கள் பிழைத்தார்கள்.

2020 மார்ச்சில் அதே கம்பெனி, வேறு சில தட்டுகளுக்கு 40,000 மணி நேரம் என்று மறுபடியும் எச்சரித்தது.

வீட்டுத் தட்டும் தப்பவில்லை. குருசியல் கம்பெனியின் ‘எம்4’ தட்டு, 5,184 மணி நேரம் ஓடியதும் மணிக்கு ஒரு தடவை மயங்கி விழுந்தது. 2012 ஜனவரியில் புதிய பர்ம்வேர் வந்தது. மயக்கம் தெளிந்தது.

மருந்தே நோயானது!

அப்படியானால் புதிது வந்ததும் ஓடிப்போய் மாற்றிவிடலாமா? அதுவும் கூடாது.

2009 அக்டோபரில் இன்டெல் கம்பெனி, தன் ‘எக்ஸ்25-எம்’ தட்டுக்குப் புதிய பர்ம்வேர் கொடுத்தது. வேகம் கூடும் என்று ஆசையோடு மாற்றியவர்கள் சிலருடைய தட்டுகள் படுத்துவிட்டன. இன்டெல் அதை உடனே திரும்பப் பெற்றது. திருத்திய பர்ம்வேர் பிறகுதான் வந்தது.

மாற்றாததால் கெட்டவர்களும் உண்டு. அவசரமாக மாற்றிக் கெட்டவர்களும் உண்டு.

எப்போது மாற்றுவது?

தட்டு செய்த கம்பெனி, என்ன பிழையைத் திருத்தி இருக்கிறது என்று பாருங்கள். ‘தட்டு நின்றுவிடும்’, ‘பதிந்தது அழியும்’ என்ற பிழையா? அது உங்கள் தட்டுக்கும் உண்டா? தள்ளிப் போடாதீர்கள்.

சின்னத் திருத்தம்தானா? தட்டும் நன்றாக ஓடுகிறதா? சில வாரம் பொறுங்கள். மற்றவர்கள் அனுபவம் தெரியட்டும்.

தட்டு ஏற்கனவே தடுமாறுகிறதா? முதலில் நகல் எடுங்கள். பர்ம்வேர் பிறகு. செத்த தட்டை பர்ம்வேர் எழுப்புவது அரிது.

எப்படி மாற்றுவது?

1. தட்டின் மாடல் பெயரையும், இப்போது உள்ள பர்ம்வேர் எண்ணையும் எழுதி வையுங்கள்.

2. முக்கியமானவை எல்லாவற்றுக்கும் வேறு தட்டில் நகல் எடுங்கள். அதைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல், நகல் அல்ல!

3. ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்தால், அதன் மீட்பு எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள்.

4. கம்பெனியின் சொந்த இணைய தளத்தில் இருந்து மட்டும் பர்ம்வேரை எடுங்கள். மாடல் ஒரு எழுத்து மாறினாலும் தொடாதீர்கள்.

5. மின்சாரம் முக்கியம். பாதி வேலையில் கரண்டு போனால் பழைய கணக்கப்பிள்ளையும் இருக்கமாட்டார், புதியவரும் வந்திருக்கமாட்டார்! மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் செய்யாதீர்கள். இடி மின்னல் நேரமும் வேண்டாம். யு.பி.எஸ். இருக்கட்டும். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்து, சார்ஜரும் மாட்டி இருக்கட்டும்.

6. மற்ற வேலைகளை எல்லாம் மூடுங்கள். முடியும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். முடிந்ததும் ஒருமுறை அணைத்துப் போட்டு, புதிய எண் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

கடையில் கொடுத்து மாற்றினாலும், நகல் எடுத்த பிறகே கம்ப்யூட்டரைக் கையில் கொடுங்கள்.

தட்டு போனால் இன்னொன்று வாங்கலாம். பத்து வருட லேபிள் படங்களையும், பாட்டியின் கடைசி போட்டோவையும் எந்தக் கடையில் வாங்குவது?

மருந்து அறையில் மட்டும் அல்ல, மேஜையிலும் நிதானம்தான் காவல்.