உஷார்! கொல்கத்தா காற்றில் வாட்டர் கூலிங்

வெயில் தாங்காமல், கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட்டுவிடலாம் என்று சாந்தினி சௌக்குக்குக் கிளம்பிவிட்டீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பம்ப், ரேடியேட்டர், வாட்டர் பிளாக் என்று தனித்தனியாக வாங்கி, முதன்முறையாகச் சொந்தக் கையால் மாட்டப்போகிறவர்களுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பொறிகள் வேறு. குளிர்நாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துப் போட்ட கணக்கு இங்கே செல்லாது.

முதலில் சூடு. ரேடியேட்டர் எத்தனை பெரிதாக இருந்தாலும், தண்ணீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே அதனால் இறக்க முடியாது. நன்றாக அமைத்தாலும், வேலை ஓடும்போது தண்ணீர் அறையைவிடச் சுமார் 10 டிகிரி கூடுதலாகவே இருக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 36 டிகிரி என்றால் தண்ணீர் 46. ரேடியேட்டர் சிறிதாகிவிட்டால் 55-ஐத் தொடும். பலரும் வாங்கும் டி5 பம்புக்கு 60 டிகிரிதான் எல்லை. கண்ணாடி போலத் தெரியும் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் குழாயும் அந்தச் சூட்டை நெருங்கினால் இளகி, ஃபிட்டிங்கிலிருந்து நழுவப் பார்க்கும். 100 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவு ரேடியேட்டர் என்பது பொதுக் கணக்கு. 253 வாட் இழுக்கும் ஐ9 14900கே-யும் 450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090-உம் ஒரே தண்ணீர்ச் சுற்றில் என்றால் ஏழு ஃபேன் வேண்டும். உங்கள் கேபினெட்டில் அத்தனைக்கு இடம் இருக்கிறதா? அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். முதல் சுற்றுக்கு அந்தக் கடினமான பெட்ஜி குழாயும் வேண்டாம். வளையும் ரப்பர் குழாயே போதும்.

அடுத்தது ஈரம். என்னை அதிகம் பதறவைப்பது இதுதான். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மழைக்காலத்தில் கொல்கத்தாக் காற்றின் பனிநிலை 26 டிகிரியைத் தாண்டும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். வழக்கமான சுற்று அறையைவிடச் சூடாக ஓடுவதால், ஓடும்வரை வியர்க்காது. ஆனால், 'இன்னும் கொஞ்சம் குளிரட்டும்' என்று தண்ணீர்த் தொட்டியான ரிசர்வாயரில் ஐஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஏசிக் காற்றைக் குழாய் வைத்து நேரே ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்டர் பிளாக்கின் வெளியே கோத்த நீர் மதர்போர்டில்தான் இறங்கும். எங்கும் ஒழுகவில்லையே என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் சாக்கெட் நனைந்திருக்கும்.

ஐஸ் போடாதவர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. இரவெல்லாம் ஏசி 23 டிகிரியில் ஓடுகிறது, கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது. செம்பும் தண்ணீரும் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் முழுக்க அந்தக் குளிர்ந்த உலோகத்தில் வந்து படியும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள். அறைக் காற்றோடு உலோகமும் சூடேறி, தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும்வரை காத்திருங்கள். சால்ட் லேக், நியூ டவுன் பக்கம் ஏசி அறையில் மெஷின் வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

கடையில் மலிவாகத் தள்ளிவிடும் ரேடியேட்டர்களில் அலுமினியம் அதிகம். பிளாக் செம்பாக இருந்து, ரேடியேட்டர் அலுமினியமாக இருந்து, நடுவே தண்ணீர் ஓடினால் அது ஒரு பேட்டரியாகவே மாறி அலுமினியத்தை அரித்துத் தின்னும். முதலில் வெள்ளைக் கசடு வரும், பிறகு பிளாக்கின் நுண் இடுக்குகள் அடைபடும், கடைசியில் ரேடியேட்டர் ஓட்டையாகும். "கிச்சு ஹோபே நா, தாதா" (ஒன்றும் ஆகாது, அண்ணா) என்று கடைக்காரர் எத்தனை அன்பாகச் சொன்னாலும், உள்ளே இருப்பது செம்பு அல்லது பித்தளைதான் என்று பில்லில் எழுதித் தராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் ஏமாறக் கூடாது. குழாய்த் தண்ணீரிலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கென்று கேனில் விற்பதன் தரம் கடைக்குக் கடை மாறும். வாட்டர் கூலிங்குக்கென்றே வரும், அரிப்பும் பாசியும் தடுக்கும் தெளிவான திரவத்தை வாங்குங்கள். பால் போன்ற கலர் திரவங்களின் பக்கம் போகாதீர்கள், அவற்றின் நிறத்துகள் நாளடைவில் படிந்து அடைக்கும். 'மின்சாரம் கடத்தாது' என்று லேபிளில் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். உலோகத்தைத் தொட்டபடி சில வாரம் ஓடிய எந்தத் திரவமும் கொஞ்சமாவது கடத்தத் தொடங்கும்.

வாட்டர் பிளாக் மாட்டுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டைப் பிரிப்பதற்கு முன் வாரன்டி நிபந்தனையைப் படியுங்கள். ஸ்க்ரூ மேல் உள்ள ஸ்டிக்கர் கிழிந்தால் கைவிரிக்கும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு. புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த கழிவு இருக்கும். வெந்நீராலும் கடைசியாக டிஸ்டில்டு வாட்டராலும் பலமுறை அலசாமல் மாட்டாதீர்கள்.

எல்லாம் மாட்டியதும் ஆசையாக ஆன் செய்வதுதான் கடைசிப் பொறி. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதற்கென விற்கும் ஜம்பரைப் போட்டு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். ரிசர்வாயர் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். பம்ப் ஒரு நொடிகூட வறண்டு ஓடக் கூடாது. ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து, 24 மணி நேரம் ஓடவிடுங்கள். இடையில் கால்பைசாகிப் புயல் அடித்து கரண்ட் போனால், விட்ட இடத்திலிருந்து எண்ணாமல் முதலிலிருந்து எண்ணுங்கள். ஒரு பேப்பர் நனைந்திருந்தாலும் திரவத்தை வடித்து, அந்த இணைப்பைப் பிரித்து, ஓ-ரிங்கை மாற்றிவிட்டு மறுபடி 24 மணி நேரம் ஓட்டுங்கள்.