ஒரு சொட்டு ஆசிட்... மேலே ஏறும் லிஃப்ட்!

கையில் பேனா இருக்கா? அதில் ஒரு பழைய மோதிரத்தை மாட்டுங்க. இப்போ பேனாவின் ரெண்டு முனையிலும் எம்-சீல் உருண்டையை ஒட்டிடுங்க. மோதிரம் பேனா மேல இங்கேயும் அங்கேயும் ஓடும். ஆனா, கழண்டு விழாது. சரி, இந்த மொத்த செட்டப்பையும் சில நானோமீட்டர் நீளத்துக்குச் சுருக்க முடிஞ்சா? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு நானோமீட்டர்!

இதுக்குப் பேர் ரோடாக்ஸேன். சக்கரம், அச்சு என்ற ரெண்டு லத்தீன் வார்த்தைகளைச் சேர்த்து வெச்ச பேரு. சக்கரம், அச்சுன்னா அது எங்க மெக்கானிக்கல் ஏரியா ஆச்சேன்னு தைரியமா உள்ளே போனேன். அங்கேதான் அடி விழுந்தது.

நமக்குத் தெரிஞ்ச மெஷின் எல்லாம் தள்ளினால்தான் நகரும். மூலக்கூறு உலகத்தில் கதை தலைகீழ். அங்கே எதையும் நகர்த்துவது கஷ்டமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம்! சுற்றியிருக்கும் கரைப்பான் மூலக்கூறுகள் நாலா பக்கமும் மோதிக்கிட்டே இருக்கும். 1991-ல் ஃப்ரேசர் ஸ்டாடர்ட் குழு உருவாக்கிய ரோடாக்ஸேனில், அச்சின் மேல் ஒரே மாதிரி ரெண்டு 'ஸ்டேஷன்'. சாதாரண அறை வெப்பத்திலேயே வளையம் ஒரு விநாடிக்குச் சுமார் 500 தடவை அங்கும் இங்கும் தாவியது. யாரும் தள்ளவே இல்லை! ஆனா, நாம சொன்ன இடத்தில் நிற்கணுமே, அதுக்கு என்ன வழி?

விடை 1994-ல் வந்தது. அப்போ பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டாடர்ட்டும், மயாமி பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் கைஃபரும் சேர்ந்து ரெண்டு ஸ்டேஷனையும் வேற வேறயா அமைச்சாங்க. ஒண்ணு பென்சிடின், இன்னொண்ணு பைஃபீனால். வளையத்தில் நாலு நேர்மின் சுமை இருக்கு. அதனால எலெக்ட்ரான் தாராளமா இருக்கிற இடம்னா அதுக்கு உயிர். மைனஸ் 44 டிகிரி குளிரில் வெச்சுப் பார்த்தப்போ, 84 சதவிகித வளையங்கள் பென்சிடின் பக்கமே உட்கார்ந்திருந்தன.

இப்போ ஆசிட் ஊற்றுங்க. பென்சிடினில் இருக்கும் நைட்ரஜன், ஆசிட்டிலிருந்து புரோட்டானைப் பிடிச்சுக்கும். உடனே அந்த ஸ்டேஷனுக்கும் நேர்மின் சுமை வந்துடும். பிளஸ்ஸும் பிளஸ்ஸும் ஒத்துப்போகுமா? வளையம் பைஃபீனாலுக்குக் குடிபெயர்ந்துடும். அப்புறம் பிரிடின் என்கிற காரத்தைச் சேர்த்தா, அது புரோட்டானைப் பிடுங்கிக்கும். வளையம் பழைய இடத்துக்கே ரிட்டர்ன்! ஆசிட்டுக்குப் பதிலா மின்சாரத்தால் எலெக்ட்ரானை உருவினாலும் இதே கதைதான்.

ஒண்ணு கவனிங்க... ஆசிட் வளையத்தைத் தள்ளவே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் ஜம்முனு உட்கார்ந்திருக்கீங்க. மழை வந்து சாரல் அடிச்சா நீங்களே உள்பக்கம் நகர்ந்துடுவீங்க. மழை நின்னா மறுபடி ஜன்னலோரம். கண்டக்டர் வந்து தூக்கி உட்கார வைக்கலையே! ஸ்விட்ச் செய்யறது அவ்வளவுதான், எந்த சீட் சுகம்னு மாத்தி வைக்குது. ஃபர்ஸ்ட் இயர் லேபில் பியூரெட்டைத் திறந்து, பிங்க் கலர் மறைஞ்சதும் ரீடிங் எழுதினதோடு என்னோட ஆசிட்-பேஸ் உறவு முடிஞ்சிருந்தது. அதுக்குள்ள இப்படி ஒரு விஷயம் இருக்கும்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா வைவாவில் முழிச்சிருக்க மாட்டேன்.

அடுத்த ஷோ 2004-ல். இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்து வின்சென்சோ பல்சானி, ஆல்பர்டோ கிரெடி ஆகியோரோடு ஸ்டாடர்ட் குழு சேர்ந்து செய்தது ஒரு லிஃப்ட். மூணு கால், மூணு வளையம், வளையங்களை இணைச்சு ஒரு தளம். காரம் சேர்த்தா தளம் கீழே, ஆசிட் சேர்த்தா மேலே. ஏறி இறங்கும் தூரம் சுமார் 0.7 நானோமீட்டர். அப்புறம் கூர்ந்து பார்த்ததில், தளம் ஒரே மூச்சில் இறங்கலைன்னு தெரிஞ்சது. மாடிப்படியில் பீரோ இறக்குற மாதிரி ஒவ்வொரு காலா, மூணு ஸ்டெப்பில் இறங்குது!

சூப்பர்ல? ஆனா, ரெண்டு சிக்கல் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஆசிட், காரம்னு ஊற்றிக்கிட்டே இருந்தா ரெண்டும் சேர்ந்து உப்பாகும். அந்தக் குப்பை கரைசலில் சேர்ந்துக்கிட்டே போகும். அது சின்ன தலைவலி. பெரிய தலைவலி, ஸ்விட்ச் என்பது மோட்டார் இல்லை! கிணத்திலிருந்து வாளியில் தண்ணி இறைச்சு மேலே கொண்டுவந்து, கவிழ்க்காமல் அப்படியே திரும்ப உள்ளே இறக்கினா என்ன மிச்சம்? வளையம் பழைய இடத்துக்குத் திரும்பும்போது, போகும்போது செஞ்ச வேலையையும் அழிச்சுட்டு வந்துடும். ஒரே திசையில் சுத்திக்கிட்டே இருந்தால்தான் மோட்டார்.

1999-லேயே நெதர்லாந்தின் பென் ஃபெரிங்கா ஒளியால் சுழலும் மூலக்கூறு மோட்டாரைச் செய்து காட்டிட்டார். ஆனா, ரசாயனத்தைக் குடிச்சுத் தானாக ஓடுற சின்ன மோட்டாருக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் லீ குழு செய்தது. இதில் அச்சுக்குப் பதில் வட்டப் பாதை. எரிபொருள் மூலக்கூறு பாதையில் தடுப்பு மாதிரி ஒட்டிக்கும், கொஞ்ச நேரத்தில் கழண்டு விழும். தந்திரம் எங்கேன்னா, வளையத்துக்கு முன்னாடி இருக்கும் இடத்தில் தடுப்பு மெதுவா ஒட்டும், பின்னாடி சீக்கிரம் ஒட்டும். கூட்ட நெரிசல் பஸ்ஸில் ஒரு அடி முன்னால் வெச்சதும், பின்னாடி ஒருத்தர் வந்து அடைச்சுக்கிட்டா நீங்க திரும்ப முடியாதுல்ல... அதேதான். சும்மா குலுங்குற குலுக்கலே பயணமா மாறிடுது.

அதே 2016-ல் ஸ்டாடர்ட், ஃபெரிங்கா, பிரான்சின் ஜான் பியர் சோவாஜ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைச்சது. கரன்ட் இல்லாத ஒரு ஸ்காட்லாந்துப் பண்ணையில், ஜிக்ஸா புதிர் அடுக்கி வளர்ந்தவர் ஸ்டாடர்ட். 2024 டிசம்பரில் காலமானார்.

சரி, மான்செஸ்டர் மோட்டாரில் எரிபொருள் தீர்ந்துபோனா என்ன ஆகும்? நம்ம பைக் மாதிரி நடுரோட்டில் நின்னுடும்னுதான் நானும் நினைச்சேன். நிக்காது பாஸ்... திசை தெரியாமல், பழையபடி அங்கேயும் இங்கேயும் அலைஞ்சுக்கிட்டே இருக்கும்!