பொதுச் சொத்துக்கு வேலி: கட்டற்ற மென்பொருளும் உரிமைச் சட்டங்களும்

கோலா பிலா வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு செய்தியை நன்கு அறிவர். பால்மரக்காடு முடிகிற எல்லையில் மலாய்க் கம்பம் தொடங்கும். அங்குள்ள வீட்டு மனைகளிலும் வயல்களிலும் ஒரு பகுதி, கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் வெளியார் வாங்க இயலாத நிலமாகும். நெகிரி செம்பிலானின் பெர்ப்பாத்தே வழக்கத்தின்படி அது குலத்துக்குரிய பரம்பரை நிலம். மலாய் மொழியில் 'தானா புசாக்கா' என்பர். அது தாய்வழியாக மகளுக்கு இறங்கும். வைத்திருப்பவள் அதில் குடியிருக்கலாம், பயிரிடலாம், பலனை நுகரலாம். குலத்துக்கு வெளியே விற்க மட்டும் அவளுக்கு உரிமை இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலப் பதிவேடு வந்தது. ஏட்டில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால் அவரே முழு உரிமையாளர் என்பது அந்தப் பதிவு முறையின் போக்கு. ரப்பரால் நிலத்தின் விலை ஏறிய காலமும் அதுவே. வழக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் குலநிலம் கைமாறிப் போயிருக்கும். ஆகவே 1909-ஆம் ஆண்டில் வழக்காற்று நில உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1926-இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. கோலா பிலா, ஜெலுபு, ரெம்பாவ், தம்பின் ஆகிய மாவட்டங்களில், குலநிலத்தின் பட்டாவிலேயே அது வழக்காற்று நிலம் என்று குறிக்கப்பட்டது. தனியுடைமையைப் பதிவு செய்யும் ஏட்டிலேயே தனியுடைமைக்கு ஒரு தடையும் எழுதி வைக்கப்பட்டது என்க.

இந்த நுட்பத்தை நெஞ்சில் இருத்திக்கொண்டால், கணினி உலகில் நாற்பது ஆண்டுகளாக நடந்து வரும் ஒரு பெரிய வழக்கை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதன் எழுதிப் படித்துத் திருத்தக்கூடிய வடிவம் மூலநிரல். பொறி மட்டுமே கொள்ளும் வடிவம் மற்றொன்று. கணக்குப் பாடத்தில் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதித் தருவதைப் போன்றது இரண்டாவது. விடை பயன்படும், ஆனால் அது தவறாயின் எங்கே தவறியது என்று கண்டுபிடித்துத் திருத்த வழியில்லை.

அமெரிக்க நாட்டு அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். அவர் வகுத்த உரிமைகள் நான்கு. எந்த நோக்கத்துக்கும் மென்பொருளை இயக்கலாம். அது இயங்கும் வகையை ஆராய்ந்து மாற்றலாம். படி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். திருத்திய வடிவத்தையும் பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். அதை விலைக்கு விற்பதற்குத் தடை இல்லை. மாறாக, விலையின்றிக் கிடைத்தும் மூலநிரலைக் காட்டாத மென்பொருள் இலவசமே அன்றிக் கட்டற்றது ஆகாது.

இருவகைப் பூட்டுகள்

மென்பொருளைப் பூட்டக்கூடிய சட்டங்கள் முக்கியமாக இரண்டு. அவற்றை ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர்.

முதலாவது பதிப்புரிமை. இது எழுதப்பட்ட வடிவத்தைக் காக்கிறது. கதைக்கும் பாட்டுக்கும் உள்ள உரிமையே மென்பொருளுக்கும் உண்டு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்துள்ளது. இவ்வுரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் நிலைக்கும். இதைப் பெற விண்ணப்பம் வேண்டியதில்லை. எழுதிய கணத்திலேயே தானாக வந்து சேரும்.

இரண்டாவது பேட்டெண்ட். இது சொல்லையும் வரியையும் விட்டுவிட்டு வழிமுறையையே காக்கிறது. விண்ணப்பித்துப் பெற வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் நிலைக்கும். பிறர் எழுதியதைக் கண்ணாலும் காணாமல், தானே சிந்தித்து ஒரு நிரலை எழுதியவனும், அதே வழிமுறைக்கு வேறொருவர் பேட்டெண்ட் பெற்றிருந்தால் அவ்வுரிமையை மீறியவன் ஆவான். பதிப்புரிமைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

வெறும் கொடை போதுமா?

'என் நிரலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். இனி அது பொதுச் சொத்து' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நல்லெண்ணம் பாராட்டத்தக்கது. ஆயினும் நிபந்தனை இல்லாத கொடையை எவரும் எடுத்து, நான்கு திருத்தம் செய்து, மூலநிரலை மறைத்து விற்கலாம். முதல் வடிவம் பொதுவில் கிடக்கும். ஆனால் வளர்ச்சி அனைத்தும் பூட்டுக்குள் போய்விடும். சில ஆண்டுகளில் திறந்த வடிவம் பழையதாகிப் பயனற்றுப் போகக்கூடும். வேலியில்லாப் பயிர் எவர் வீட்டு மாட்டுக்கோ தீனியாவதை நாம் கண்டதில்லையா?

ஸ்டால்மன் கையாண்ட உபாயம் இங்கேதான் தானா புசாக்காவை நினைவூட்டுகிறது. அவர் பதிப்புரிமையைத் துறக்கவில்லை. அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதன் வலிமையால் ஒரு நிபந்தனை விதித்தார். இந்நிரலை எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலோடு, இதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும் என்பதே அது. இதைத் தமிழில் 'அளிப்புரிமை' என்பர். இவ்வாறு எழுந்த குனு பொது உரிமம் 1989-இல் முதற்பதிப்பும் 1991-இல் இரண்டாம் பதிப்பும் கண்டது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் 1992-இல் இந்த உரிமத்தின்கீழ் வந்தது. இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் அந்தக் கருநிரல் இயங்குகிறது.

ஓர் வேற்றுமையையும் குறிக்க வேண்டும். குலநிலம் ஒரு குலத்துக்கே உரியது. ஒருவர் உழும் வயலை அதே வேளையில் மற்றவர் உழ முடியாது. மென்பொருளோ எத்தனை பேர் படி எடுத்தாலும் குறைவதில்லை. ஆகவே அதன் குலம் உலகம் முழுவதும் எனலாம். உவமை பொருந்துவது ஒன்றில்தான்: உடைமைச் சட்டத்தைக் கொண்டே பொதுமையைக் காத்தல்.

இந்த நிபந்தனை வெறும் விருப்பமா, சட்டமா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது. 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம், பொது உரிமத்தின் நிபந்தனைகளை மீறிய ஒரு நிறுவனத்துக்கு எதிராகத் தடையாணை வழங்கி, அவ்வுரிமம் செல்லும் என்று தீர்த்தது.

நிபந்தனையின்றி விடுவதே மேல் என்று கருதும் அறிஞர்களும் உளர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றிய உரிமம் அவ்வகையைச் சேர்ந்தது. நிரல் எங்கும் பரவ வேண்டும் என்பதே குறிக்கோளாயின் அது ஏற்ற வழி. திறந்தது திறந்தே இருக்க வேண்டும் என்பது குறிக்கோளாயின் அளிப்புரிமையே ஏற்றது.

பின்வாசல் வழியே வரும் இடர்

பதிப்புரிமையை வேலியாக மாற்றினாலும் பேட்டெண்ட் என்னும் பின்வாசல் திறந்தே இருக்கிறது. ஜிஃப் என்னும் பட வடிவம் 1987-இல் வெளிவந்து எங்கும் பரவியது. அதில் பயன்பட்ட சுருக்கும் முறை ஒன்றுக்கு யூனிசிஸ் நிறுவனம் பேட்டெண்ட் வைத்திருந்தது. 1994-ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வடிவத்தைக் கையாளும் மென்பொருள்களுக்குக் கட்டணம் வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. தம் கையால் நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களும் கலங்கினர். அதன் விளைவாக எவர் பேட்டெண்டுக்கும் உட்படாத பி.என்.ஜி. என்னும் புதிய வடிவத்தை ஆர்வலர் கூடி உருவாக்கி 1996-இல் வெளியிட்டனர். யூனிசிஸின் அமெரிக்கப் பேட்டெண்ட் 2003-இல் காலாவதியாயிற்று.

இந்த இடருக்கு மாற்று மூன்று வகை. முதலாவது, வழிமுறையை முன்கூட்டியே பகிரங்கமாக வெளியிடுவது. முன்பே உலகறிந்த ஒன்றுக்குப் பின்வந்தவர் பேட்டெண்ட் பெற முடியாது. ரப்பரோடு வாழ்ந்த நமக்கு இதற்கு நல்ல சான்று உண்டு. காற்றடைத்த டயருக்கு ஜான் டன்லப் 1888-இல் பேட்டெண்ட் பெற்றார். ஆனால் ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே அக்கருத்தைப் பதிவு செய்திருந்தார் என்பது தெரியவந்ததும் டன்லப்பின் பேட்டெண்ட் செல்லாததாயிற்று. தேதியோடு வெளியிடப்பட்ட எழுத்துக்கு அத்தனை வலிமை!

இரண்டாவது, உரிமத்திலேயே பேட்டெண்டுக்கும் தடை எழுதுவது. 2007-இல் வந்த பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு இதைச் செய்தது. நிரலுக்குப் பங்களித்தவர், தம் பங்களிப்பில் அடங்கிய பேட்டெண்டைக் காட்டி அதைப் பயன்படுத்துவோர்மீது வழக்குத் தொடர முடியாது.

மூன்றாவது, சட்டமன்றத்தில் விழிப்பாயிருப்பது. இந்தியாவின் பேட்டெண்ட் சட்டத்தில் மூன்றாம் பிரிவு, வெறும் கணினி நிரலுக்குப் பேட்டெண்ட் இல்லை என்கிறது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ஓர் அவசரச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்த முயன்றது. எதிர்ப்பு எழவே, 2005-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது அத்திருத்தம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் இத்தகைய ஏற்பாடு ஒன்றை 648-க்கு 14 என்ற வாக்குகளில் தள்ளிவிட்டது.

தமிழுக்கு இதில் என்ன?

தமிழர் இதை ஏன் கருத வேண்டும்? 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல எழுந்தன. ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தனக்கெனக் குறியெண்களை வகுத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் தட்டியது மற்றொன்றில் பொருளற்ற கீறல்களாகத் தெரிந்தது. எழுத்துரு இல்லையேல் எழுதியதும் இல்லை என்ற நிலை. மொழி நம்முடையது, அதைத் திறக்கும் சாவியோ வேறொருவர் மடியில்!

அந்தப் பூட்டு விடுபட்டதற்குக் காரணம் பொது வரையறைகள். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் வழிவகுத்தன. 1999-இல் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. யூனிகோடு குறியீடு உலகப் பொதுவாயிற்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளும், தமிழா குழுவினர் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்ட எ-கலப்பையும், வெவ்வேறு கைகளில் பிறந்தும் இன்று ஒரே யூனிகோடு எழுத்தை எழுதுகின்றன. ஒன்றில் எழுதியதை மற்றொன்று படிக்கிறது. வரையறை எவருக்கும் தனியுடைமை ஆகாததன் பயன் இது.

எழுதாத அனுமதி

இனி நம் வட்டாரத்துக்கே திரும்புவோம். கோலா பிலாவை அடுத்த தோட்டமொன்றில் ஆசிரியர் ஒருவர் இருந்தார் எனக் கொள்வோம். 1995-இல் தம் கையாலேயே ஓர் எழுத்துருவை அமைத்து, அதில் தோட்டத்துச் சொற்களை எல்லாம் தொகுத்தார்: மங்கு, காண்டா, பிரட்டு, ஆயாக்கொட்டகை. கேட்டவர்க்கெல்லாம் வட்டில் படி எடுத்துக் கொடுத்தார். அனுமதி என்று எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் மனத்தில் எல்லாம் எல்லோருக்கும் உரியவையே. அவர் மறைந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் காலியாயிற்று, பிள்ளைகள் திசைக்கொருவராயினர். இன்று ஓர் இளைஞர் அத்தொகுப்பை யூனிகோடுக்கு மாற்றி, விரித்து வெளியிட விரும்புகிறார். சட்டம் என்ன சொல்லும்? எழுதாத அனுமதி மறுத்த அனுமதிக்கு ஒப்பு. ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் ஆகும்வரை, வாரிசுகள் அனைவரையும் தேடிப் பிடித்துக் கேட்டாக வேண்டும். கொடுக்கும் மனம் இருந்தும் கொடை பூட்டிக்கொண்டது.

ஒரு வரி எழுதியிருந்தால் இந்தத் துன்பம் இல்லை. நிரலாயின் குனு பொது உரிமம். எழுத்துருவாயின் அதற்கென உள்ள திறந்த எழுத்துரு உரிமம். சொற்றொகுப்பும் நூலும் ஆயின் படைப்பாக்கப் பொதும உரிமம். இவற்றுள் ஒன்றின் பெயரையும், ஆசிரியர் பெயரையும், ஆண்டையும் முதற்பக்கத்தில் எழுதினால் போதும். செலவு ஒரு காசும் இல்லை. சங்கங்களும் பள்ளிகளும் கோயில் நிருவாகங்களும் பணம் கொடுத்து மென்பொருள் செய்விக்கும்போது, மூலநிரலும் இந்த உரிமமும் உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும் என்று கேட்பது முறையாகும்.

1909-இல் கோலா பிலாவின் நிலத்தைக் காத்தது பட்டாவில் எழுதிய ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு இல்லையேல், வழக்கம் எவ்வளவு பழமையானதாயினும் பதிவேட்டின் முன் நின்றிராது. பொதுவுக்கென்று நாம் ஆக்கும் எதற்கும் அத்தகைய குறிப்பு ஒன்று வேண்டும். கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே அதை எழுதிவிட வேண்டும்.