கடிகாரத்தின் கீழே: சாலமன்காவில் ஒரு மாணவரின் ஆண்டு

ஸ்பெயினின் மேற்குப் பகுதியில், போர்த்துகல் எல்லைக்கு அருகே, தோர்மெஸ் ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள சாலமன்கா, 1218ஆம் ஆண்டில் லெயோன் நாட்டு அரசர் ஒன்பதாம் அல்போன்சோ நிறுவிய பல்கலைக்கழகத்தைச் சுற்றியே எட்டு நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் ஊர். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வசிக்கும் இந்த நடுத்தர நகரில் ஆண்டுதோறும் பல்லாயிரம் மாணவர்கள் வந்து சேர்வதால், வீட்டு வாடகை முதல் தேநீர்க் கடையின் நேரம் வரை ஊரின் நடைமுறை முழுவதும் கல்வியாண்டை ஒட்டியே நகர்கிறது. 1987இல் ஐரோப்பியச் சமூகம் தொடங்கிய எராஸ்முஸ் திட்டம், அதாவது ஒரு நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் போய்ச் சேரும் பல்கலைக்கழகத்துக்குத் தனியே கல்விக் கட்டணம் செலுத்தாமல் வேறொரு நாட்டில் ஒன்றிரண்டு பருவங்கள் பயில வழிசெய்யும் ஏற்பாடு, இவ்வூருக்குப் பல நாட்டு இளைஞர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஸ்பானிய மொழி கற்பதற்கென்றே வருவோர் கூட்டமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

வெளிநாட்டில் படிக்கச் செல்பவரின் பொழுதைப் படிப்பு, நட்பு, ஊர் சுற்றல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். சாலமன்காவைப் பொறுத்தவரை பின்னிரண்டையும் பிரிக்க இயலாது. சுற்றுலாப் பயணி நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் கட்டடத்தின் படிக்கட்டில்தான் மாணவர் நண்பருக்காகக் காத்திருக்கிறார். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பழைய நகரத்தின் தெருக்களில்தான் அவர் வகுப்புக்குப் போகிறார், ரொட்டி வாங்குகிறார், நள்ளிரவில் வீடு திரும்புகிறார். ஓர் இடத்தை ஒருமுறை பார்ப்பதற்கும், அங்கே நூறு முறை ஒருவரைச் சந்திப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வூர் நன்றாகவே உணர்த்துகிறது.

அந்தச் சந்திப்புகளின் மையம் பிளாசா மயோர் எனப்படும் பெருஞ்சதுக்கம். ஆல்பெர்த்தோ தெ சுர்ரிகேரா என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1729இல் தொடங்கி 1755இல் முடிக்கப்பட்ட இச்சதுக்கத்தின் நான்கு பக்கங்களிலும் வளைவுகள் கொண்ட நடைபாதையும், அதன் மேல் மூன்று அடுக்கு வீடுகளும் ஒரே வரிசையாக எழுந்து நிற்கின்றன. வளைவுகளுக்கு இடையே அரசர்கள், அறிஞர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் முகங்கள் வட்டப் பதக்கங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. சர்வாதிகாரி பிராங்கோவின் முகமும் நெடுங்காலம் அங்கே இருந்து, 2017இல் அகற்றப்பட்டது. வடக்குப் பக்கத்தில் உள்ள நகராட்சிக் கட்டடத்தின் முகப்பில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. ஸ்பானிய மொழியில் ‘கெதார்’ என்ற வினைச்சொல்லுக்குத் ‘தங்கு’ என்ற பொருளோடு ‘இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் சந்திப்பதென்று பேசி வைத்துக்கொள்’ என்ற பொருளும் உண்டு. சாலமன்கா மாணவர் ‘கெதாமோஸ்’ என்று சொன்னால் இடத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. ‘தெபாஹோ தெல் ரெலோஹ்’, அதாவது கடிகாரத்தின் கீழே, என்பது தானாகவே விளங்கிக்கொள்ளப்படும். புதிதாக வந்தவர் முதல் வாரத்தில் கற்கும் மொழிப்பாடங்களுள் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

மாலையில் சதுக்கத்தின் தரையில் வட்டவட்டமாக அமர்ந்திருக்கும் கூட்டங்களைக் காணலாம். ‘பீபாஸ்’ எனப்படும் உப்பிட்டு வறுத்த சூரியகாந்தி விதைப் பொட்டலம் கைமாறிக்கொண்டே இருக்கும்; விதையைப் பல்லால் உடைத்துப் பருப்பை நாவால் எடுத்துத் தோலை ஒதுக்கும் வித்தையை அயல்நாட்டு மாணவர் கற்றுக்கொள்வதற்குள் பக்கத்தில் இருப்பவர் பாதிப் பொட்டலத்தைத் தீர்த்துவிடுவார். செலவு மிகக் குறைந்த இந்தப் பொழுதுபோக்கில்தான் பெரும்பாலான நட்புகள் தொடங்குகின்றன. வெளிச்சம் சாயும்போது சதுக்கத்துக் கல் பொன்னிறம் கொள்வதைக் காண்பதற்கென்றே பலர் வருகிறார்கள். அருகிலுள்ள வியாமயோர் என்ற ஊரில் கிடைக்கும் இந்த மணற்கல், வெட்டியெடுக்கும்போது ஈரமும் மென்மையுமாக இருந்து உளிக்கு இணங்கி, காற்றுப்பட்டு உலர்ந்தபின் இறுகி, தன்னுள் இருக்கும் இரும்புச் சத்தால் நாளடைவில் தேன் நிறம் அடைவது; ஊர் முழுவதும் இக்கல்லால் ஆனதால்தான் சாலமன்காவைப் பொன்னகரம் என்று அழைக்கிறார்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, மாணவர் விடுதிகள் இருந்தபோதிலும், பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது ‘பீசோ’ எனப்படும் அடுக்குமாடி வீட்டில் மூன்று நான்கு பேர் ஆளுக்கோர் அறை எடுத்து, சமையலறையையும் மின் கட்டணத்தையும் பகிர்ந்துகொள்ளும் முறையையே. சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூரில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்குவதால், அறையைச் சூடாக்கும் செலவு வாடகையில் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. வீட்டைப் பாராமலே முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. முதல் ஒரு வாரத்தைத் தற்காலிக விடுதியில் கழித்து, நேரில் பார்த்து முடிவு செய்வதே பாதுகாப்பானது.

வந்தவரை முதலில் தடுமாறச் செய்வது உணவு நேரம். மதிய உணவு 2 மணிக்கு மேல், இரவு உணவு 9 மணிக்கு மேல். இடைப்பட்ட பொழுதில் பல கடைகள் அடைத்திருக்கும். ஸ்பெயின் 1940 முதல் தன் புவியிருப்புக்கு உரிய நேரத்தை விட்டு மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றி வருவதும், நாட்டின் மேற்கோரத்தில் உள்ள சாலமன்காவில் ஜூன் மாதத்துக் கதிரவன் இரவு 10 மணியளவில் மறைவதும் இப்பழக்கத்துக்குத் துணைசெய்கின்றன. உண்டு முடித்ததும் எழுந்துவிடாமல் மேசையிலேயே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு ‘சோப்ரெமேசா’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. வீட்டுக்கு அழைக்கப்பட்ட மாணவர் கடைசிக் கவளத்தோடு விடைபெற்றால் அது பண்பாகக் கொள்ளப்படாது. அந்தப் பேச்சுதான் விருந்தின் மறுபாதி.

நகரின் வடபகுதியில் உள்ள வான் தைக் தெருவுக்குச் சிறு கூட்டமாகச் சென்று, ஒரு கடையில் நின்றபடியே ஒரு பானமும் அதனோடு ‘பின்ச்சோ’ என்ற சிறு தட்டு உணவும் வாங்கி, அடுத்த கடைக்கு நகர்ந்து, இப்படியே இரவு உணவை முடிப்பது மாணவர் வழக்கம். மொறுமொறுப்பாகப் பொரித்த பன்றிக் கன்னமும், ஆட்டின் உள்ளுறுப்புகளோடு அரிசியை வேகவைத்துச் செய்யும் ‘சன்பாய்னா’வும் இவ்வட்டாரத்துக்கு உரியவை. இறைச்சி உண்ணாதவருக்கு இப்பகுதி எளிதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் தடித்த ‘தோர்த்தியா’ ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் கிடைப்பதால் முட்டை உண்பவர் சமாளித்துக்கொள்வர், மற்றவர்களுக்குப் பீசோவின் சமையலறையே கதி.

மொழி கற்பதில் ‘இன்டர்காம்பியோ’ என்ற வழக்கம் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இருவர் சந்தித்து, பாதி நேரம் ஒருவருடைய மொழியிலும் மறுபாதி மற்றவருடைய மொழியிலும் பேசுவதே இது. பணப் பரிமாற்றம் கிடையாது. ஆங்கிலம் சரளமாகப் பேசும் இந்திய மாணவருக்கு இங்கே கேட்டதும் துணை கிடைத்துவிடும். ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணத்தை எழுதிய அந்தோனியோ தெ நெப்ரீஹா இப்பல்கலைக்கழகத்தில் பயின்று, இங்கேயே கற்பித்து, அந்நூலை 1492இல் இந்நகரிலேயே அச்சிட்டார் என்ற பெருமையும் சாலமன்காவுக்கு உண்டு. ஆயினும் ஓர் உண்மையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அயல்நாட்டு மாணவர்களுக்கெனவே நடத்தப்படும் விருந்துகளும் பயணங்களும் மிகுதியாக இருப்பதால், அவற்றோடு மட்டும் இருந்துவிட்டால், ஓராண்டு முழுவதும் ஓர் ஊர்க்காரரோடுகூட நெருங்கிப் பழகாமல் திரும்பிவிட முடியும். இது பெரும் இழப்பு. ஸ்பானிய இளைஞர்கள் பள்ளி நாளிலிருந்தே ஒன்றாக இருக்கும் சிறு நண்பர் குழுக்களாக வாழ்பவர்கள். அக்குழுவுக்குள் இடம்பெறச் சிரித்துப் பேசினால் மட்டும் போதாது, அழைக்கும்போதெல்லாம் போய் நிற்கும் பொறுமையும் தேவை.

ஊரைப் பார்ப்பதில் எல்லோரும் முதலில் போய் நிற்பது பல்கலைக்கழகத்தின் பழைய முகப்பின் முன்னே. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த இம்முகப்பு ‘பிளாத்தெரெஸ்கோ’ பாணியைச் சேர்ந்தது. ‘பிளாத்தெரோ’ என்றால் வெள்ளிக் கொல்லர், அவர் வேலைப்பாட்டின் நுணுக்கத்தைக் கல்லில் கொண்டுவரும் பாணி என்பதால் இப்பெயர். வலப்பக்கத் தூணில் உள்ள மண்டையோடுகளில் ஒன்றன் தலைமேல் சிறு தவளை ஒன்று அமர்ந்திருக்கிறது. பிறர் காட்டாமல் தாமே அதைக் கண்டுபிடிப்பவர் தேர்வில் வெற்றி பெறுவார் என்பது நம்பிக்கை. எனவே முகப்பின் எதிரே அண்ணாந்து நிற்கும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. தவளையைப் பார்ப்பதில் தவறில்லை, தவளையை மட்டுமே பார்த்துவிட்டுப் போவதுதான் தவறு என்று, இப்பல்கலைக்கழகத்தின் ரெக்டராக இருந்த சிந்தனையாளர் மிகேல் தெ உனாமுனோ குறைபட்டதாகச் சொல்வார்கள். அந்தக் குறை நியாயமானது. உள்ளே சென்றால், கரடுமுரடாக வெட்டிய மரக்கட்டைகளையே இருக்கைகளாகக் கொண்ட ஒரு வகுப்பறை பழைய வடிவிலேயே காக்கப்பட்டிருப்பதையும், அக்கட்டைகளில் மாணவர் தலைமுறைகள் கத்தியால் கீறிய எழுத்துகளையும் காணலாம். சமயக் குற்ற விசாரணை மன்றத்தால் 1572 முதல் 1576 வரை சிறைவைக்கப்பட்ட கவிஞரும் பேராசிரியருமான பிராய் லூயிஸ் தெ லெயோனின் பெயரை அவ்வறை தாங்கி நிற்கிறது.

சுவர்களில் சிவப்பு நிறத்தில் எழுதப்பட்டுள்ள பெயர்களும் சின்னங்களும் ‘வீத்தோர்’ எனப்படுபவை. முனைவர் பட்டம் பெற்றவரின் வெற்றியை ஊரறியச் செய்யும் அடையாளம் அது. பட்டத் தேர்வுக்கு முந்தைய இரவு, பழைய கதீட்ரலை ஒட்டிய சாந்தா பார்பரா சிற்றாலயத்தில், அங்கே அடக்கம் செய்யப்பட்ட ஆயர் ஒருவரின் கல்லறைச் சிற்பத்தின் பாதங்களில் தம் பாதங்களை வைத்தபடி மாணவர் தனியே விழித்திருந்து படிப்பது பழைய மரபு. தேறியவர் மாலை மரியாதைகளோடு வெளியேறுவார், தோற்றவர் வண்டிகள் செல்லும் பக்கவாசல் வழியே நழுவுவார். தேறியவர் ஊருக்குக் காளைச் சண்டையும் விருந்தும் நடத்த, அக்காளையின் இரத்தத்தைக் கலந்தே வீத்தோர் எழுதப்பட்டது என்பர். கல்விக்கு ஒரு காலத்தில் எத்தகைய அச்சமும் ஆடம்பரமும் இருந்தன என்பதை அந்தச் சிற்றாலயத்தின் குளிர்ந்த இருட்டில் சிறிது நேரம் நின்றால் உணரலாம்.

அதற்கு அருகிலேயே, 1513இல் தொடங்கி 1733இல் நிறைவுற்ற புதிய கதீட்ரலின் வடக்கு வாசலில், கொடிகளுக்கும் இலைகளுக்கும் நடுவே விண்வெளி வீரர் ஒருவரின் உருவம் இருக்கிறது. பழமையானது என்று எண்ணி வியப்பவர் உண்டு. உண்மையில் 1992இல் வாசலைப் புதுப்பித்த சிற்பிகள், புதுப்பிக்கும் காலத்தின் அடையாளம் ஒன்றை விட்டுச்செல்லும் மரபுப்படி சேர்த்தது அது.

வார இறுதிகளில் பேருந்தோ ரயிலோ பிடித்து, இரண்டரை கிலோமீட்டர் நீளக் கோட்டைமதில் சூழ்ந்த ஆவிலாவுக்கும், ரோமானியர் கட்டிய நீர்க்கால்வாய் வளைவுகள் நிற்கும் செகோவியாவுக்கும், மரச்சட்டங்களும் கல்லும் கலந்த வீடுகள் கொண்ட மலைக் கிராமமான லா ஆல்பெர்காவுக்கும் சென்றுவரலாம்.

ஆனால் நாள்காட்டியே இவ்வூரின் சிறந்த வழிகாட்டி. அக்டோபர் 31இல் வட்டார உடை அணிந்த ஒருவர் கதீட்ரல் கோபுரத்தின் மேல் ஏறிக் குழலும் பறையும் இசைப்பதை அண்ணாந்து பார்க்க ஊரே கூடுகிறது. 1755ஆம் ஆண்டு லிஸ்பன் நிலநடுக்கத்தில் ஊர் பெரும் சேதமின்றித் தப்பியதற்கான நன்றிக்கடன் அது. டிசம்பரில் விடுமுறைக்கு ஊர் திரும்புமுன் மாணவர்கள் பெருஞ்சதுக்கத்தில் திரண்டு, புத்தாண்டை இரண்டு வாரம் முன்னதாகவே கொண்டாடிவிடுகிறார்கள். ஸ்பானியர் புத்தாண்டு நள்ளிரவில் மணியோசைக்கு ஒன்றாக உண்ணும் 12 திராட்சைகளுக்குப் பதிலாக இங்கே மிட்டாய்கள். கறுப்பு உடையும், பல வண்ண நாடாக்கள் தொங்கும் மேலங்கியும் அணிந்து கிதார் மீட்டிப் பாடிச் செல்லும் ‘தூனா’ குழுவினரை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். ஒரு கிண்ணம் சூப்புக்காகப் பாடித் திரிந்த ஏழை மாணவர்களின் வழிவந்தவர்களாக அவர்கள் தங்களைக் கருதுகிறார்கள்.

ஈஸ்டர் திங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை ‘லூனெஸ் தெ அகுவாஸ்’, அதாவது நீர்த் திங்கள். பதினாறாம் நூற்றாண்டில், தவக்காலத்தின்போது பாலியல் தொழில் செய்த பெண்களை ஆற்றுக்கு அக்கரையில் தங்கவைக்க இரண்டாம் பெலிப்பே ஆணையிட்டதாகவும், அக்காலம் முடிந்து அவர்கள் படகுகளில் திரும்பும் நாளில் மாணவர்கள் கரையில் திரண்டு வரவேற்றதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்று அது குடும்பங்களும் நண்பர்களும் தோர்மெஸ் கரையில் கூடி உண்ணும் நாள். பன்றி இறைச்சியும் தொத்திறைச்சியும் அவித்த முட்டையும் உள்ளே வைத்து, மேலே மாவு இழைகளைக் கட்டம்கட்டமாகப் பின்னிச் சுட்ட ‘ஓர்னாசோ’ அன்றைய உணவு. ரோமானியப் பாலத்துக்குக் கீழே, ஆற்றில் கதீட்ரல் கோபுரங்களின் நிழல் ஆட, புல்லில் விரித்த துணியில் ஓர்னாசோவை வைத்து ஒருவர் கத்தியால் துண்டு போடுகிறார். பின்னல் உடையாமல் வரும் முதல் துண்டு, அந்த ஆண்டு புதிதாக வந்தவருக்குக் கொடுக்கப்படுகிறது.