வலது கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். நாட்டுக்கோழி வளர்க்கிறவர். கடன் வாங்கி பீரோ அளவில் ஒரு குஞ்சு பொரிக்கும் மெஷின் வாங்கியிருக்கிறாராம். நாலு பக்கமும் மூடியது. சூடு, ஈரப்பதம், முட்டையைத் திருப்பிவிடுவது எல்லாம் தானாக நடக்கும். பொரிப்பில் குறையில்லை. ஆனால், "மெஷின் குஞ்சுக்கு விவரம் பத்தவில்லை. வானத்தில் பருந்து வட்டம் போட்டால் கோழி பொரித்த குஞ்சு வேலிக்குள் ஓடுது, மெஷின் குஞ்சு தலையைத் தூக்காமல் மேய்ந்துகிட்டே நிக்குது. முட்டை ஒரே முட்டைதானே, ஏன் இப்படி?" என்று கேட்கிறார்.

பாதிப் பதில் அவருக்கே தெரிந்திருக்கும். தாய்க்கோழி இல்லை. பருந்தைக் கண்டால் தலையைச் சாய்த்து ஒரு கத்து கத்தி, குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் பிள்ளைகள் வேறு எப்படி வளரும்? மீதிப் பதில்தான் எனக்குப் பிடித்தது. அது குஞ்சு வெளியே வருவதற்கு மூன்று நாள் முன்பு, ஓட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

இருபத்தொரு நாள் கணக்கு, சேவல் சேராத முட்டை பொரிக்காது என்பதெல்லாம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோழி முட்டையிடும் நேரத்திலேயே கரு பல்லாயிரம் செல்களாகப் பிரிந்து, மஞ்சள் கருவின் மேல் ஒரு வெளிறிய வட்டமாக உட்கார்ந்திருக்கிறது. சூடு பட்டதும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது. முதல் நாள் முடிவதற்குள் முதுகுப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அதன் இரு கரைகளும் எழும்பி, நடுவில் ஒட்டிக் குழாயாகின்றன. மூளையும் தண்டுவடமும் அந்தக் குழாய்தான். இரண்டாம் நாளில் இதயம் துடிக்கிறது. அரிஸ்டாட்டில் நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் இரத்தப்புள்ளி போல இதயம் துள்ளுவதை எழுதி வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை கருவியலுக்குக் கோழி முட்டைதான் பால பாடம். மலிவு, எங்கும் கிடைக்கும், தாயின் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

நரம்பு மண்டலம் எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது? மூன்றரை நாளில் கரு தலையை லேசாக அசைக்கிறது. 1930களில் குவோ என்ற சீன உளவியலாளர், முட்டையின் அகன்ற பக்கத்து ஓட்டை எடுத்துவிட்டு, உள்சவ்வில் உருக்கிய வாசலைனைத் தடவினார். சவ்வு கண்ணாடியாகத் தெளிந்தது. உள்ளே கரு புரள்வது, காலை உதைப்பது, அலகைத் திறந்து மூடுவது எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துக் குறித்தார். பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விக்டர் ஹாம்பர்கர், உணர்வுச் செய்தி கொண்டுவரும் நரம்புகளை வெட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கரு காலை உதைத்தது. யாரும் தொடவில்லை, எதுவும் உறுத்தவில்லை, தண்டுவடம் தானாகவே உதைக்கச் சொல்கிறது. இந்த உதையை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மருந்து கொடுத்துக் கருவை அசையாமல் செய்தால் மூட்டுகள் மூட்டாகாமல் ஒட்டிக்கொள்கின்றன. ஆடினால்தான் கால்.

ஹாம்பர்கரைச் சொல்லிவிட்டு ரீட்டா லெவி-மொன்டால்சினியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தாலியின் டூரின் நகரத்து யூதப் பெண், மருத்துவம் படித்தவர். 1938இல் முசோலினி அரசு போட்ட இனச் சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றியது. அவர் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசியைத் தீட்டி அறுவைக் கத்தி செய்துகொண்டார். குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் கிராமத்துக்குப் போனபோது, குழந்தைகளுக்கு வேண்டும் என்று சொல்லி, வீடு வீடாகச் சைக்கிளில் போய்ச் சேவல் சேர்ந்த முட்டைகளை வாங்கினார். கருவை எடுத்தபின் மிச்சம் ஆம்லெட்டுக்குப் போயிற்று. விஷயம் தெரிந்த அண்ணன் சாப்பிட மறுத்துவிட்டார்.

அந்த அறையில் அவர் கண்டது இது: கால் முளைக்கும் இடத்தை வெட்டிவிட்டால், அந்தக் காலுக்குப் போகவேண்டிய நரம்புச் செல்கள் முதலில் ஒழுங்காக உருவாகின்றன, பிறகு சாகின்றன. வெட்டாமல் விட்டாலும் சாவு நிற்பதில்லை. கோழிக்கருவின் ஒரு காலுக்கான இயக்க நரம்புச் செல்கள் ஆறாம் நாளில் சுமார் 20,000. பத்தாம் நாள் வாக்கில் சுமார் 12,000. தசையைப் பிடித்து, அதனிடமிருந்து ஊட்டம் பெற்றது பிழைக்கும், மற்றது போகும். அப்படி நரம்பைப் பிழைக்கவைக்கும் ஒரு வளர்ச்சிப் பொருளைக் கண்டதற்காக 1986இல் அவருக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் நோபல் பரிசு வந்தது. ஹாம்பர்கரை விட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

சரி, வலது கண்ணுக்கு வருவோம்.

கோழிக்கருவைப் படத்தில் பார்த்தால் முதல் வாரத்தில் அது கண்ணும் வாலும் மட்டும்தான். அவ்வளவு பெரிய கண். அந்தக் கண் இரண்டாம், மூன்றாம் நாட்களிலேயே ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. தலை வலப்புறமாக முறுக்கிக்கொள்ள, கரு இடது பக்கத்தை மஞ்சள் கருவின் மேல் வைத்துப் படுக்கிறது. ஏன் அந்தப் பக்கம்? 1995இல் வெளியான ஆய்வு ஒன்று, கரு இன்னும் தட்டையாக இருக்கும்போதே சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு நடுக்கோட்டின் இடப்புறத்தில் மட்டும் விழித்திருப்பதைக் காட்டியது. இதயம் எந்தப் பக்கம் வளைய வேண்டும், உடம்பு எந்தப் பக்கம் முறுக வேண்டும் என்பதற்கான முதல் சொல் அங்கிருந்து கிளம்புகிறது.

கடைசி நாட்களில் உள்ளே இடம் போதாது. குஞ்சு கழுத்தை மடக்கி, அலகை வலது இறக்கைப் பக்கம் செருகிக்கொள்கிறது. இடது கண் உடம்போடு ஒட்டி மறைந்துபோகிறது. வலது கண் ஓட்டைப் பார்த்தபடி இருக்கிறது. முட்டை ஓடு சுவர் அல்ல. டார்ச் அடித்தால் உள்ளே இரத்தக்குழாய் தெரிகிறதென்றால், வெளியிலிருந்து வெளிச்சம் உள்ளே போகிறது என்றுதானே பொருள்? அடைக்கோழி நாளுக்கொரு தரம் இரை எடுக்கவும் எச்சமிடவும் கூடையை விட்டு இறங்கும். அந்தச் சிறு பொழுதில் வெளிச்சம் ஓட்டைக் கடந்து ஒற்றைக் கண்ணில் படுகிறது. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு அந்தக் கண் பார்க்கத் தயார்.

இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டவர் லெஸ்லி ராஜர்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர். மூளையின் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் வேலைப் பிரிவினை உண்டு என்பதை அதுவரை மனிதனின் தனிப் பெருமையாகவே பலர் பேசிவந்தார்கள். பேச்சு இடப்பக்கம் என்று பிரான்சின் ப்ரோக்கா 1860களில் சொன்னதிலிருந்து வந்த பெருமை. கோழிக்குஞ்சுக்கும் அது உண்டென்று ராஜர்ஸ் காட்டினார். தானியத்தைத் தரையில் ஒட்டிய சிறு கற்களோடு கலந்து போடுங்கள். இடது கண்ணை மூடி வலது கண்ணை மட்டும் விட்டால், குஞ்சு சில கொத்துகளிலேயே கல்லை ஒதுக்கக் கற்கிறது. வலதை மூடி இடதை விட்டால் கல்லையும் தானியத்தையும் ஒன்றாகக் கொத்துகிறது. ஆனால் மேலே பருந்து போன்ற நிழலுருவம் நகர்ந்தால், அதைக் கவனிப்பதில் இடது கண்தான் கெட்டி. பறவையின் கண் நரம்பு ஏறக்குறைய முழுவதுமாக எதிர்ப்பக்கம் தாண்டுவதால், வலது கண் என்றால் இடது மூளை, இடது கண் என்றால் வலது மூளை.

என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்குவாள். வாசலில் பாயில் வடகம் காயும். விரல் கல்லிலேயே இருக்கும். ஆனால் காக்கை பாய்க்கு ஒரு முழம் வருவதற்குள் கம்பு தரையைத் தட்டிவிடும். கோழிக்குஞ்சு செய்வதும் இதே வேலைதான். பாட்டிக்குப் பழக்கம் கொடுத்ததைக் குஞ்சுக்குக் கொடுப்பது எது?

1982இல் 'நேச்சர்' இதழில் வந்த ராஜர்ஸின் கட்டுரை அதற்கு விடை சொன்னது: வெளிச்சம். கும்மிருட்டில் பொரித்த குஞ்சுகளிடம் இந்தப் பார்வைப் பிரிவினை சரியாக அமையவில்லை. கடைசி நாட்களில் சில மணி நேரம் வெளிச்சம் காட்டினால் அமைந்துவிடுகிறது. வெளிச்சம் பட்ட கண்ணிலிருந்து வரும் செய்தியை முன்மூளைக்கு ஏற்றும் நரம்பிழைகள் மறுபக்கத்தைவிட அதிகமாக வளர்வதும் தெரிந்தது. பிறகு இன்னொரு குறும்பும் செய்தார். பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சின் தலையை மட்டும் முட்டைக்கு வெளியே எடுத்து, வலது கண்ணை மறைத்து, இடது கண்ணுக்கு வெளிச்சம் காட்டினார். பிரிவினை தலைகீழாகிவிட்டது. அப்படியானால் எந்தக் கண் எந்த வேலைக்கு என்று மரபணு நேரடியாக எழுதி வைக்கவில்லை. அது உடம்பை எந்தப் பக்கம் முறுக்குவது என்று மட்டும் சொல்கிறது. மீதியை ஓட்டின் வழியாகக் கசியும் பகல் எழுதுகிறது. ஒரு மரபணுவுக்கும் ஒரு குணத்துக்கும் நடுவில், தாய்க்கோழி இரை எடுக்க எழுந்து போவது என்ற நிகழ்ச்சி உட்கார்ந்திருக்கிறது. எதற்கெடுத்தாலும் "எல்லாம் ஜீன்" என்று முடித்துவிடுகிறவர்களுக்கு இந்த ஒரு குஞ்சைக் காட்டலாம்.

2004இல் ராஜர்ஸும் இத்தாலியின் ஜோர்ஜோ வல்லோர்த்திகாராவும் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து, நம் வாசகரின் கேள்வியையே ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்தார்கள். கீழே கல்லும் தானியமும். மேலே பருந்து உருவம். முட்டைக்குள் வெளிச்சம் கண்ட குஞ்சுகள் தானியத்தையும் பொறுக்கின, பருந்தையும் பார்த்தன. இருட்டில் பொரித்தவை தடுமாறின. பருந்தைக் கவனிப்பதிலும் பின்தங்கின, பொறுக்குவதிலும் சோர்ந்தன.

இனி என் மனக்குறை. குஞ்சு பொரிக்கும் ஆலைகளில் முட்டையை ஒரு பார்சலாகத்தான் நினைக்கிறார்கள். சூடு, ஈரம், திருப்புதல், எத்தனை சதவீதம் பொரிந்தது என்பதோடு கணக்கு முடிந்தது. உள்ளே ஒரு மூளை தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கண்ணும் காதும் உண்டு என்பது கணக்கில் வருவதில்லை. ஆயிரக்கணக்கான முட்டைகள் இருட்டு அலமாரியில் அடுக்கப்படுகின்றன. காதும் சும்மா இல்லை. கடைசி நாட்களில் அடைக்கோழி கொக்கரித்தால் உள்ளிருந்து கீச்சென்று பதில் வரும், காது வைத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

அதே ஆலைகளில் இன்னொரு கணக்கும் உண்டு. முட்டைக்கோழி இனத்தில் பொரிவதில் பாதி சேவல். முட்டையும் இடாது, இறைச்சிக்கும் சீக்கிரம் தேறாது என்பதால், உலகின் பெரும்பாலான நாடுகளில் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். நம் நாடு விலக்கல்ல. ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்தது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்த்துவிடலாம் என்றார்கள். உடனே அடுத்த கேள்வி: எத்தனையாவது நாள் வரை கருவை அழிக்கலாம்? கருவுக்கு வலி எப்போது தொடங்குகிறது? ஆய்வாளர்கள் கருவின் மூளை மின்னலைகளை அளந்த பிறகு, பதின்மூன்றாம் நாளிலிருந்து கூடாது என்று சட்டம் வரையறுத்தது. இந்தக் கோடு சரியா தவறா என்று சண்டை போடலாம். ஆனால் நாமக்கல் முட்டையைத் தினமும் தின்கிற நாம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

காங்கேயத்து நண்பருக்கு: தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பு போட்டுப் பொரிக்கிறவர்களைப் பார்த்து மெஷின்காரர் சிரித்திருப்பார். அந்தப் பல்பு சூட்டுக்காக வைத்ததுதான், ஆனால் கூடவே வெளிச்சமும் கொடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் பீரோவில் அது இல்லை. பதினெட்டாம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்திப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றுவீர்கள் அல்லவா, அங்கே சூடாகாத சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்தி, பகலில் சில மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். வெப்பமானி ஏறுகிறதா என்று மட்டும் கவனம், அரை டிகிரி கூடினாலும் விளக்கைத் தள்ளி வையுங்கள். பருந்துக்கு இது முழு மருந்தல்ல. ஆய்வுக்கூடத்துக் காகிதப் பருந்து வேறு, உங்கள் தோட்டத்துப் பருந்து வேறு. ஒரு அடைக்கோழி கைவசம் இருந்தால், ராத்திரி இருட்டில் மெஷின் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்குக் கீழே தள்ளிவிடுங்கள். விடியும்போது பெரும்பாலும் தன் குஞ்சு என்றே அழைத்துக்கொண்டு கிளம்பும். கொத்தினால் உடனே பிரித்துவிட்டு, வேறு கோழியைப் பாருங்கள்.