கேட்டறிந்து கட்டிய வீடுகள்

மலைநாட்டில் வீடு கட்ட முனைவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டும். சரிவை வெட்டித் தட்டையாக்குவதா, அன்றிச் சரிவுக்கு இசைய வீட்டை அமைப்பதா என்பதே அது. 1918ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா இரண்டாவது வழியைத் தேர்ந்தவர். இலண்டனிற் பயின்ற அவர், 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியை எய்திய முதல் ஆசியப் பெண் அவரே.

கண்டியின் மலைச்சரிவில் அவர் அமைத்த கருணாரத்ன இல்லம் 1951இல் நிறைவெய்தியது. நிலத்தின் இறக்கத்தைத் தழுவி, வெவ்வேறு மட்டங்களில் அது அமைந்தது. கொங்கிறீற்றும் கண்ணாடியும் அதில் இடம்பெற்றன. தும்பறை நெசவும், சுட்ட மண் ஓடுகளும், ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியமும் அவற்றோடு இணைந்தன. நலிந்துவந்த கைவினைஞருக்கு நகர வீடு புதுத் தொழிற்களமாயிற்று.

கண்டியை அடுத்த வட்டபுலுவவில், அரச ஊழியர்க்கான வீடமைப்புத் திட்டம் 1958இல் உருவாயிற்று. அங்கே அவர் வரைபடத்துடன் தொடங்கவில்லை, வினாக்கொத்துடன் தொடங்கினார். குடும்பத்தின் அளவு, வருவாய், வழக்கங்கள் ஆகியவற்றைக் குடியேற இருந்தோரிடமே கேட்டறிந்தார். அதனாலேயே வீடுகள் ஒரே வார்ப்பாக அமையாமல் பல வகையின ஆயின.

1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாற்றை அவர் கற்பித்தார். மேனாட்டுக் கட்டடங்களையே அளவுகோலாகக் கொண்ட மாணவர்க்கு, ஆசிய மக்களின் கட்டட மரபும் ஆராய்ச்சிக்குரிய அறிவே என்பதை அவ்விரிவுரைகள் உணர்த்தின. கண்டியிற் செய்து கண்டதையே வகுப்பறையில் அவர் விளக்கினார் எனலாம்.

இவ்வரலாறு தேயிலைத் தோட்டங்களுக்கும் உரியது. மினெட்டின் அன்னையார் அக்னஸ் டி சில்வா, டொனமூர் ஆணைக்குழுவின் முன், தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென வாதாடியவர். 1931இல் பெண்கள் வாக்களித்தனர். ஆயினும், ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான லயன் அறைகளைக் கட்டியோர், அவற்றில் வாழ்வோரை ஒன்றும் கேட்டாரல்லர். அடுப்புப் புகை எவ்வழி போகும், ஈரக் கம்பளியை எங்கே உலர்த்துவது, பிள்ளை எந்த மூலையில் இருந்து படிக்கும் என்பன கேட்கப்படாத வினாக்களாயின.

இன்று லயன்களுக்கு மாற்றாகத் தனி வீடுகள் எழுந்து வருகின்றன. அவற்றை வரைவோர், கொழுந்து பறித்து மாலையில் வீடு திரும்பும் பெண்ணிடம் முதலில் வினவுவாராயின், வட்டபுலுவவின் பாடம் தோட்டத்துக்கும் பயன்படும்.